சாய்தளத்துக்கு ஓர் ஆள்

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தைக் கட்டி, கைப்பிடிக்கு நீலப் பெயின்ட்டும் அடித்த பிறகுதான், அதில் ஏறுவதற்குப் பள்ளியில் ஆள் இல்லை என்பது தலைமையாசிரியைக்கு உறைத்தது. மறுநாள் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார்.

சிறப்புத் தேவையுள்ள மாணவி என்று எங்கள் பதிவேட்டில் ஒருத்திதான் இருந்தாள். ஆறாம் வகுப்பு. கண்பார்வை மங்கல். கால்களுக்கு ஒரு குறையும் இல்லை; மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் கரும்பலகையைப் படித்துவிடுவாள். ஆனால் உயரமான பெண். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று வகுப்பு டீச்சர் அவளை ஆய்வகத்தின் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார். கதவில் 'சிறப்புக் கவன அறை' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு கை இல்லாத எலும்புக்கூடு, காலி அமிலப் புட்டிகள், ஆய்வக உதவியாளராகிய நான். கவனத்தை மட்டும் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

நான் கொடுத்த லென்ஸைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டிருந்தாள். பிள்ளைகள் அவளை 'லென்ஸு' என்று கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு வேண்டியது தன் வகுப்பில் முன் பெஞ்ச்.

"இன்னிக்காவது விடுவாங்களாக்கா?" என்று தினமும் கேட்பாள்.

"டீச்சர்கிட்ட பேசறேன்" என்பேன். டீச்சர் எதிரே வந்தால் புட்டி துடைக்கப் போய்விடுவேன். ஆறு மாதத்தில் புட்டிகள் பளபளவென்று ஆகிவிட்டன.

ஆய்வன்று காலை தலைமையாசிரியை ஒரு மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்தார்.

"ஏறி உக்காரு."

"எதுக்கு டீச்சர்? எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவ்வளவு பெரிய சாய்தளம் சும்மா கெடக்குதுல்ல? பத்து நிமிஷம். வாயத் திறக்கக் கூடாது."

"உக்காந்தா முன் பெஞ்ச் தருவீங்களா?"

"பேரம் பேசறதப் பாரு! அதெல்லாம் அப்புறம்."

நாற்காலியைத் தள்ளும் வேலை எனக்கு வந்தது. தள்ளினேன்.

அதிகாரி மேலே நின்று கைதட்டினார். "அருமை, அருமை. கழுத்துல என்னம்மா, மெடலா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரில் புதிதாகப் பதித்திருந்த கல்லைக் காட்டினார். "எங்க, அதப் படி பாப்போம்."

நாற்காலியிலிருந்து அவளுக்குக் கல்லே மசமசப்பாகத்தான் தெரிந்திருக்கும். எழுந்தாள். நாலு எட்டு நடந்து, லென்ஸை எழுத்தின்மேல் வைத்து நிதானமாகப் படித்தாள்: "எல்லோரும் ஒன்றாய்க் கற்போம்."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"நடக்கறாளே!" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியை ஒரு கணம்தான் தடுமாறினார். "எல்லாம் எங்க பயிற்சி சார். வந்து சேர்ந்தப்ப தவழ்ந்துகிட்டு இருந்தா."

கண்ணெதிரே ஒரு பிள்ளை எழுத்தோடு மூக்கை ஒட்டிப் படித்தாள். அந்த மனிதர் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று அறிக்கை எழுதினார்: பள்ளியின் பயிற்சியால் மாணவி நடக்கத் தொடங்கிவிட்டாள், இனி அவளுக்குத் தனி அறை தேவையில்லை. அறிக்கையைத் தலைமையாசிரியையே பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தார். பலகையைக் கழற்றினார்கள்.

மறுநாள் லென்ஸு தன் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். டஸ்டர் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன். அவள் நேராக முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏய், இங்க உயர வரிசை. உன் இடம் கடைசி பெஞ்ச்" என்றார் வகுப்பு டீச்சர்.

"அவ்வளவு தூரம் எப்படிப் போறது டீச்சர்? நான் இப்பத்தானே நடக்கவே ஆரம்பிச்சிருக்கேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

"வேணும்னா பெரிய டீச்சரைக் கேளுங்க. மைக்ல வாசிச்சாங்களே."

வராந்தாவில் நின்ற தலைமையாசிரியைக்கு அது கேட்டது. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பின்னால் இருந்த பிள்ளைகள் தங்கள் பெஞ்சை அரை அடி பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டார்கள். யாருக்கும் மறைக்கவில்லை. அதற்கு நாலு வினாடி ஆனது.