சக்கரத்தின் மேல் ஓர் இழவு வீடு

2025 மே 30, வெள்ளிக்கிழமை. தஞ்சோங் கிளிங் கடற்கரை முகாமிலிருந்து, சாவு விழுந்து எட்டு நாளே ஆகியிருந்த ஒரு வீட்டை அன்று காலை லாரியில் பூட்டி இழுத்துச் சென்றுவிட்டார்கள். என் முறையீடு இதுதான்.

அந்த வீடு ஒரு கேரவன். கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருக்க வருகிறவர்களுக்காக அந்த முகாமில் அப்படி ஏழு வண்டிகள் நிற்கும், சுற்றிலும் கூடாரங்கள். நான்காம் எண் வண்டியில் மட்டும் சின்னத்தம்பியும் அவர் மனைவி ராஜம்மாவும் மகன் திவாகரும் ஆறு மாதமாகக் குடியிருந்தார்கள். முப்பத்தோராண்டு பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுக் கடைசியாக வெளியேற வேண்டியவர்கள் இவர்கள். குருபோங்கில் கட்டும் மலிவு விலை வீட்டின் சாவி கிடைக்கும்வரை, இரண்டு வாரத்துக்கு மட்டும், தன் முகாமிலேயே தங்க இடம் தருவதாக நிறுவனம் கடிதம் கொடுத்தது. மலாயில் இருந்த அக்கடிதத்தைப் படித்துப் பொருள் சொன்னவன், முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியனான நான். தெளிவாக இருக்கிறது, நம்பலாம் என்று கூறிச் சாட்சிக் கையொப்பமும் இட்டேன். அது நவம்பர் மாதம். மறுவாரமே லயத்தை இடித்தார்கள். சாவி இன்றுவரை வரவில்லை.

விடுமுறைக்கு வந்தவர்கள் சின்னத்தம்பியை முகாமின் வேலையாள் என்றே எண்ணினார்கள். கரி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். கூடாரத்தின் முளை கழன்றுவிட்டது என்றார்கள். போய் அடித்துக் கொடுத்தார். மே 23 அன்று மதியம் கேரவனுக்குள் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நம் வழக்கம் நீங்கள் அறிந்ததே. உயிர் பிரிந்த இடத்தில் ஏற்றிய விளக்கு, பதினாறாம் நாள் கருமக்கிரியைவரை அணையக் கூடாது. கேரவனுக்குள் தீ மூட்டக் கூடாது என்பது முகாமின் விதி. ஆயினும் முகாமைப் பார்த்துக்கொள்ளும் கிஷன் கண்டும் காணாமல் இருந்தான். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுமாறும், மேலாளர் வந்தால் முன்கூட்டியே வந்து சொல்வதாகவும் கூறினான். ராஜம்மா கட்டிலின் தலைமாட்டில், தரையில், விளக்கை வைத்தாள். எண்ணெய் ஊற்றுவதையே தன் வேலையாக்கிக்கொண்டாள். அவள் கேட்டதெல்லாம் பதினாறு நாள்.

எட்டாம் நாள் பள்ளி விடுமுறையின் நெரிசல். ராஜம்மா பொதுக் குளியலறைக்குப் போயிருந்தாள். திவாகருக்குத் தொழிற்சாலை கொடுத்திருந்த மூன்று நாள் விடுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அவள் ஈரத் தலையோடு திரும்பியபோது, புல்லில் நான்கு சக்கரத் தடங்கள் இருந்தன. துணிமணி, பாத்திரம் எல்லாம் ஒரு தார்ப்பாயின்மேல் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, திரி நசுக்கப்பட்ட விளக்கு. பதிலுக்கு ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கிஷன் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

நான் போனபோது தாயும் மகனும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். வண்டி நின்ற அந்த மண்ணிலேயே விளக்கை ஏற்றினால் போதும் என்பது திவாகரின் கட்சி.

"அவரு மண்ணுல சாவல தம்பி," என்றாள் ராஜம்மா. "கட்டில்ல செத்தாரு. அந்தக் கட்டிலே ஊர்ந்து போயிருச்சு. நான் எங்க வெளக்கு வெக்கிறது?"

 வண்டி எங்கே போனது என்று கிஷனிடம் போய்க் கேட்டேன்.

வண்டி ஆயர் குரோவில், ஏரிக்கரையில் உள்ள அதே நிறுவனத்தின் இன்னொரு முகாமுக்குப் போயிருப்பதாகக் கிஷன் இரகசியமாகச் சொன்னான். மறுநாள் பிற்பகல் ராஜம்மாவை என் காரில் அழைத்துச் சென்றேன். விளக்கு அவள் மடியில் இருந்தது.

வழியில் அவள் ஒரு யோசனை சொன்னாள். "உள்ள இருக்கிறவங்கள்ட்ட வேண்டுதல்னு சொல்லிருவோம் வாத்தியாரே. அஞ்சே நிமிசம். ஏத்திக் கும்பிட்டுட்டு, அதுலேருந்து இன்னொரு திரிக்கு நெருப்பு எடுத்துக்கிட்டு வந்துருவேன். மிச்ச நாளைக்கி அது போதும்."

பொய் சொல்லி ஒருவர் இடத்தில் நுழைவது முறையன்று என்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் தமிழர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். 

வண்டியில் இருந்தவர்கள் தமிழர்களே. கிள்ளானிலிருந்து வந்த விமலன், நளினி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். விமலன் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். நளினி எழுந்து, தான் அமர்ந்திருந்த மடக்கு நாற்காலியை ராஜம்மாவுக்குக் கொடுத்து, "உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க," என்று தண்ணீர் எடுத்து வந்தாள். என் நெஞ்சு குளிர்ந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல், நாள், நேரம், கட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

நளினியின் கையிலேயே தண்ணீர்க் குவளை நின்றுவிட்டது.

"அந்தப் படுக்கையிலயா? எம் மவன் நேத்து அதுலதான் படுத்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கோழிக்குத் தடவ வைத்திருந்த மஞ்சள் தூளை ஒரு வாளியில் கொட்டிக் கலக்கி, உடுத்தியிருந்த துணியோடு அவர்கள் தலையில் ஊற்றினாள். சின்னவன் குளிரில் நடுங்கிக்கொண்டு, தான் என்ன தவறு செய்தான் என்று அழுதான். ராஜம்மா நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். தன் நிழல் அவர்கள்மேல் விழாதபடி.

விமலன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி முடித்தார். பின்பு பெட்டிகளைக் காரில் ஏற்றினார். போவதற்குமுன் என் அருகில் வந்தார். கோபம் இல்லை; களைப்புத்தான் இருந்தது.

"ஏன் சார் இதெல்லாம் சொன்னீங்க? வேண்டுதல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்போமே. நாங்களே கற்பூரம் குடுத்திருப்போம்."

அவர்கள் போன பத்தாம் நிமிடம் காவலாளி வந்து கேரவனைப் பூட்டினார். ராஜம்மா பூட்டிய கதவின் படியில் கை வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது என்னை ஒரு வார்த்தைகூடக் குறை கூறவில்லை. கூறியிருக்கலாம்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். வதந்தி பரப்பி வாடிக்கையாளரை விரட்டினார்களாம். ஆகவே கூடாரமும் இல்லை என்றார். சாவியைப் பற்றிக் கேட்டேன். கடிதத்தில் நாள் குறிப்பிடவில்லையே என்றார். நானும் சாட்சியிட்ட அக்கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எத்தனை வாரம் தங்கலாம் என்று இருந்தது; வீடு என்றைக்கு என்று இல்லை.

இப்போது அவர்கள் குருபோங்கில் திவாகரோடு வேலை செய்பவரின் வாடகை அறையில் இருக்கிறார்கள். அங்கே விளக்கேற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஜூன் 7 அன்று கடற்கரையில் கருமக்கிரியை நடந்தது. கிரியை செய்துவைத்த பண்டாரம், கடையில் வாங்கிய புதிய விளக்கை மணலில் வைத்து ஏற்றினார். காற்றில் மூன்று முறை அணைந்தது. ராஜம்மா அதன் பக்கம் திரும்பவேயில்லை.

"எந்த எடத்துலேருந்து அவர அனுப்பி வெக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். பண்டாரம் மந்திரத்தை நிறுத்தவில்லை.

கேரவனுக்கு நீல வண்ணம் பூசி, வண்டி எண்ணையும் மாற்றிவிட்டார்களாம், கிஷன் சொன்னான். அது இப்போது எந்த முகாமில் நிற்கிறது என்பது அவனுக்கும் தெரியாது. ராஜம்மா விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்தேறி ஒவ்வொரு முகாமாகப் போய் நீல வண்டிகளின் கதவைத் தட்டுகிறாள். என்னை உடன் அழைப்பதில்லை.

விடுமுறைக்கு இப்பக்கம் வரும் தமிழரே, உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எடுத்த வண்டியின் கதவை ஒரு முதியவள் தட்டி, வேண்டுதல் என்று சொன்னால், என்ன வேண்டுதல் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளோடு இறங்கி வெளியே நில்லுங்கள். ஐந்து நிமிடம் அவளை உள்ளே விடுங்கள்.