துறையடியில் ஐந்து சைக்கிள் கடைகள்

1
இந்தக் கதை நானாக எழுத நினைத்ததல்ல. மாணவர்களுக்குச் சொந்தத் தொழிலில் ஊக்கம் வரும்படி ஒரு கதை வேண்டுமென்று இந்த 1979இல் ஒரு மாணவர் சஞ்சிகை கேட்டது. தலையாட்டிவிட்டேன். ஊக்கம் எப்படி வருமென்று எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

2
கிண்ணியாவில், படகு ஏறும் துறையடியில் சூரியன் மெல்ல...
(வேண்டாம். சூரியனுக்குத் தொழிற்கல்வி தேவையில்லை.)

மறுபடியும். தொழிற்கல்வி வகுப்பில் பாக்கியரத்தினம் மாஸ்டர் சொன்னார்: "அரசாங்க வேலைக்குக் காத்திருக்காதேங்கோ. உதாரணத்துக்கு, துறையடியில ஒரு சைக்கிள் திருத்துற கடை போடலாம்."
(அவரே அரசாங்கச் சம்பளக்காரர். இந்த வரியைச் சஞ்சிகை வெட்டிவிடும்.)

வகுப்பில் சொன்ன உதாரணத்தை அப்படியே பரீட்சையில் எழுதிப் பழகிய பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் ஐந்து பேர் துறையடியில் வரிசையாக ஐந்து சைக்கிள் கடை போட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

3
ஐவரில் ஸெய்னுதீன்தான் கதாநாயகன். (இவ்வளவு ரோசக்காரனை வாசகர் நம்புவாரா?) அவனுடைய வாப்பா அலியார் அலைந்து திரிந்து அவனுக்குத் துறைமுகத்தில் ஒரு வேலை எடுத்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

"கடைக்கு ஒரு சனமும் வரல்லியே மகன்."

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு சைக்கிள் வந்தாலும் நான் இஞ்சதான் வாப்பா. வரல்லெண்டா நீங்க சொன்னபடி போறன்."

சஞ்சிகைக்குப் பிடித்த முடிவு: ஐவரும் சேர்ந்து ஒரே கடையாக...
(எழுதிப் பார்த்தேன். யார் முதலாளி என்ற இடத்தில் அடிபிடி வந்துவிட்டது.)

4
வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாஸ்டரையே அங்கே அனுப்பினேன். (முன்சில்லின் காற்றைத் திறந்துவிட்டது நான்தான்.) அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஐந்து பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"இஞ்ச வாங்க சேர்" என்றார்கள் நாலு பேர். ஸெய்னுதீன் மட்டும் ரோசத்தோடு காற்றடிக்கும் பம்பைத் துடைத்துக்கொண்டு நின்றான். அலியார் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐவரும் மாஸ்டரிடம் படித்த பிள்ளைகள். ஒருவனிடம் கொடுத்தால் மற்ற நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? மாஸ்டர் வியர்த்துப்போனார்.

"காத்துக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். வீட்டில போய்ப் பாப்பம்" என்று சொல்லி, உருட்டிக்கொண்டே ஐந்து கடையையும் தாண்டிப் போனார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவர் தாண்டிப் போன வரியை வெட்டினேன். திரும்ப எழுதினேன். திரும்பவும் வெட்டினேன். கடைசியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவரிடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

வாசகரே, எனக்கு முடிவு எழுத வரவில்லை. அந்தப் பக்கம் போகிறவரானால் உங்கள் சைக்கிளைக் கொண்டு போங்கள். யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். விடிந்தால் திங்கட்கிழமை.