எழுதியவரே நீக்கிவிட்டார்

1

தடாலென்று கண்ணாடிக் கதவு உடைந்தது. (இல்லை, அதிர்ந்தது. கோபத்தில் எழுதுகிறவன் இப்படித்தான் கூட்டி எழுதுவான்.)

கோபத்தின் காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வார இதழில் என் தொடர் ஒன்பதாவது வாரத்தோடு நின்றது. விளம்பரம் கொடுக்கும் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. இதழில் அச்சானது என்ன தெரியுமா? ‘உடல்நலம் கருதி, எழுத்தாளரே கேட்டுக்கொண்டபடி நிறுத்தப்படுகிறது.’ எனக்குத் தலைவலிகூட இல்லை. வாசகர்கள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சாத்துக்குடிகளை உரித்துக்கொண்டே யோசித்ததுதான் இந்தக் கதை.

2

1999. காந்திபுரத்தில் ஒரு மாடி அலுவலகம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மயில்சாமி, சூலூரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இஸ்மத். பம்பு மொத்த வியாபாரி சுந்தரராஜுலு இன்டர்நெட்டில் நடத்தும் டிஸ்கஷன் போர்டை ஒற்றை ஆளாகக் கவனிப்பவள். எந்த மோட்டாரின் நிறைகுறையையும் யாரும் அதில் எழுதலாம். முகப்பில் அப்படித்தான் போட்டிருந்தது.

“ஏனுங்க அம்மணி, நான் எழுதுனதை நானே அழிச்சேனுங்களா?”

“உக்காருங்ணா. என்னன்னு சொல்லுங்க.”

“உக்கார வரலீங்க. அந்த மோட்டாரு பாடியில கரண்டு பாயுதுன்னு திங்கக்கிழமை எழுதுனேன். எங்கக்கா பழனாத்தாள் கை வெந்து ஆஸ்பத்திரில கெடக்குது. புதங்கிழமை பார்த்தா ‘எழுதியவரே நீக்கிவிட்டார்’னு நிக்குது. கம்பெனிக்காரனோட கூட்டுச் சேந்துட்டேன்னு ஊரே பேசுதுங்க. எங்கக்கா மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நீங்க அழிச்சுபோட்டு, பழி எனக்குங்களா?”

3

(இஸ்மத்தை அப்பாவியாக எழுதுவது சுலபம். ‘பாவம், அவளுக்கு எதுவுமே தெரியாது, அவள்…’ இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவளுக்குத் தெரியும்.)

அழித்தது முதலாளி. அந்த மோட்டாருக்கு ஏஜென்ட்டும் அவரே.

திரையில் தெரியும் வாசகங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அறுநூற்றுச் சொச்சம் வரிகள். இங்கிலீஷில் இருந்த அத்தனையையும் தமிழாக்கியவள் இஸ்மத். பதிவை நீக்கினால் அந்த இடத்தில் வருவதற்கு இரண்டு வாசகங்கள் இருந்தன: எழுதியவர் நீக்கினால் ஒன்று, நிர்வாகம் நீக்கினால் இன்னொன்று. யார் நீக்கியது என்பதை மென்பொருள் மறக்காமல் குறித்து வைத்திருக்கும்; பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அதற்கேற்ற வாசகத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் போடும்.

“நிர்வாகம் நீக்கியதுன்னு வந்தா அசிங்கமா இருக்குதும்மா. ரெண்டுலயும் முதல் வாசகத்தையே போட்டுடு,” என்று ஜனவரியில் சொன்னார் சுந்தரராஜுலு. ஒரு வரிதானே என்று போட்டுவிட்டாள்.

(அடிக்குறிப்பு: என் உடல்நலத்தைப் பற்றிய செய்தியையும் ஒருவர் உட்கார்ந்து, ஒரு வரிதானே என்று டைப் அடித்திருப்பார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.)

4

முடிவுகளுக்கு வருவோம். முதல் முடிவில் அவள் காபி வாங்கிக் கொடுத்து மயில்சாமியைச் சமாதானப்படுத்தி அனுப்புகிறாள். எழுதினேன், கிழித்தேன். அடுத்ததில் முதலாளி மனம் திருந்தி… போதும். அப்படி யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை.

கிழிக்காமல் வைத்திருப்பது இது.

வாசகங்கள் இருந்த கோப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் ‘நீக்கி’ என்று அடித்தாள். 212, 213 என்று இரண்டு வரிகள் வந்தன, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக. 213-ஐ அழித்து, ‘நிர்வாகம் நீக்கியது’ என்று திரும்ப அடித்து, அந்தக் கோப்பை இன்டர்நெட்டில் ஏற்றினாள்.

“உங்க வேலை போயிருமுங்களே?” என்றார் மயில்சாமி, குரல் தணிந்து.

“போகட்டும்ணா. ஸ்கிரீனைப் பாருங்க.”

படியில் சுந்தரராஜுலுவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து என்ன செய்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரும் அழித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் லைனில் அந்த மோட்டாரின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மயில்சாமியின் பதிவில் வாசகம் மாறியிருந்தது. அதற்கு மேலே, போன மாதத்துப் பதிவிலும் மாறியிருந்தது. அதற்கும் மேலே இருந்ததிலும். திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் போனவர் பதினோராவது பெயரில் நின்றார்.

“அப்ப இவங்க ஆரும் வாபஸ் வாங்கலீங்களா, அம்மணி? வாங்கிட்டாங்கன்னு நம்பித்தானுங்க எங்கக்காளுக்கு அந்த மோட்டாரை நானே மாட்டிவுட்டேன்.”