கொதிநீர் கண்ட கம்பளி

கடுகண்ணாவைக் கணவாயில் இரவெல்லாம் படுத்திருந்த பனி கதிரொளி பட்டு மெல்ல மேலெழ, மலையேறிக் களைத்த புகைவண்டி பேராதனை நோக்கி இறங்க, பிலிமத்தலாவைக் கடைத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டிருந்த வேளை அது. நாடு தன்னாட்சி பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. தெருக்கோடியிலிருந்த நெசவுக்கூடத்தில் வேலாயி என்பாள் இரண்டு கம்பளித் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வாயிலையே பார்த்திருந்தாள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பருத்தியே நெய்த கை அவளுடையது. மலைநாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கம்பளிப் போர்வை வேண்டுமென்று அரசின் நெசவுத் துறை கேட்க, ஐந்து வாரமாக நெட்டோடும் பாவு நூலை நெருக்கியும் தளர்த்தியும், குறுக்கோடும் ஊடை நூலை ஓங்கி அடித்தும் மெல்லத் தட்டியும், மாதிரிமேல் மாதிரியாக நெய்து பார்த்தாள். மூன்று தேறவில்லை. நான்காவதோ, தொட்டவர் கையெடுக்க மனமில்லாமல் தடவும்படி அமைந்தது. அன்று வரவிருந்த துறை ஆய்வாளரின் ஒப்புதல் அதற்குக் கிடைத்தால் கம்பளித் தறி அவளுக்கு. இல்லையேல் தறியைக் கழற்றி வேறூருக்கு ஏற்றிவிடுவார்கள், அவளுக்கும் இக்கூடத்தில் வேலை இராது.

அந்த நான்காவதைத்தான் முந்திய மாலை, அவித்ததும் அவிக்காததுமாய்க் காட்ட இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொதிநீரில் இட்டுக் கோலால் புரட்டிவிட்டாள். புதுப் பருத்தித் துணியைக் கஞ்சி போக அவிப்பது அக்கூடத்து வழக்கம். கம்பளியில் கஞ்சி ஏது என்று அந்நேரம் யார் நினைத்தார்? முழ அகலத் துணி சாண் அகலமாய்ச் சுருங்கி, அட்டைபோல் தடித்துப்போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மறைத்துவிடு என்றது மனம். அப்படிச் சொல்லாத மனம் எவருக்கு இருக்கிறது, படிக்கும் பெருமக்களே?

யாழ்ப்பாணத்தவரான ஆய்வாளர் தியாகராஜா வந்தார். நல்ல பாதியைத் தடவிப் பார்த்தார். "ஓம், இதுதான் சரி" என்று எழுதுகோலை எடுத்தார்.

"ஐயா, இதையும் பாத்துட்டு எழுதுங்க" என்று வேலாயி மற்றதை நீட்டினாள். "ரெண்டும் ஒரே துணிதாங்க. நேத்து அவிச்சேன், இப்படி ஆயிருச்சு. ஆசுபத்திரியிலயும் அவிக்கத்தானே செய்வாங்க?"

அவர் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நெடுநேரம் பார்த்தார். "நீங்கள் சொல்லாட்டில் எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"போத்திக்கிற பிள்ளைக்குத் தெரியுமுங்க."

எழுதுகோல் சட்டைப்பைக்குத் திரும்பிற்று. "அடுத்த மாசம் வாறன். இன்னொண்டு நெய்து, அவிச்சுப்போட்டுக் காட்டுங்கோ. அதுவரைக்கும் தறி இஞ்சை நிக்கட்டும்."

ஒப்புதல் கிட்டவில்லை, முப்பது நாளே கிட்டின. வேலாயி அன்றைக்கே, சுருங்குவதற்கும் இடம் வைத்துப் பாவு நூலைத் தளர்த்தி அகல விரித்து ஐந்தாவதைத் தொடங்கினாள். காண்பார் கண்ணுக்கு இனிதாய் இருப்பதாலேயே ஒன்று போர்வை ஆகிவிடுவதில்லை. எத்தனை முறை கொதித்தாலும், குளிரில் நடுங்கும் சிற்றுடலை முழுதும் மூடினால்தான் அது போர்வை.