எதிரியின் கண்ணில் வெயில்

பேராசிரியர் தன் வாழ்நாளில் ஜெயித்தது ஒரே ஒரு போர். அதுவும் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே முடிந்துபோனது. செத்துப்போன மொழி ஒன்றின் போர்ப்பாட்டைப் பிரித்து மேய்ந்து, சண்டை நடந்த மேடு எது என்று வரைபடத்தில் விரல் வைத்துச் சொன்னவர் அவர். பதவி, பட்டம், ராணுவக் கல்லூரியில் வருடா வருடம் சொற்பொழிவு எல்லாம் அந்த விரலுக்குத்தான் வந்து சேர்ந்தன. மேட்டை மட்டும் நேரில் பார்த்ததில்லை. முதுகுவலி, பரீட்சை வேலை என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும்.

பாட்டு சொல்வது இதுதான்: தளபதி மேட்டில் நின்றான், முதுகுக்குப் பின்னால் மலை, எதிரே ஆறு, காலை வெயில் எதிரியின் கண்ணில். அவருடைய மேட்டிலிருந்து ஆறு வெகுதூரம். அதனால் என்ன? அந்தக் காலத்தில் வேறு வழியாக ஓடியது என்று ஓர் அடிக்குறிப்பு எழுதி ஆற்றையே நகர்த்திவிட்டார்.

"ஆத்தை நகத்திட்டீங்க மாப்பிள்ளை, சூரியனை என்ன பண்ணுவீங்க? ஒரு நாள் காலையில போய் நின்னு பாருங்க. அக்கரை மேடுதான் சரி."

கருத்தரங்கில் எழுந்து இப்படிக் கேட்டவர் மனைவியின் அண்ணன். அவரும் அதே துறை. சபை சிரித்துவிட்டது. அடுத்த வருடம் மச்சானின் நேர்காணலில் தேர்வுக்குழுவில் பேராசிரியர்தான் உட்கார்ந்திருந்தார். "நல்லா ஊர் சுத்துவாரு, மொழிதான் பத்தாது" என்றார். அதோடு சரி. மச்சான் தனிப்பயிற்சிக் கூடத்தில் விடைத்தாள் திருத்தப் போனார். "உங்க அண்ணனுக்கு வயித்தெரிச்சல்" என்று பேராசிரியர் வீட்டில் சொல்லிவைத்தார். மனைவி நம்பினாள், அண்ணனோடு பேச்சை விட்டாள்.

இன்று அந்த மேட்டில் நினைவுத்தூண் திறப்பு. ராணுவக் கல்லூரியின் ஏற்பாடு என்பதால் விடிந்தும் விடியாததுமாக விழா. பேராசிரியர் முதல்முறையாக மேடேறி, மலைக்கு முதுகு காட்டி, தளபதி நின்ற இடத்தில் நின்றார். சூரியன் பளாரென்று அவர் கண்ணில் அறைந்தது. எதிரிப்படை நின்றிருக்க வேண்டிய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர்கூடக் கண்ணைச் சுருக்கவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவியும் முந்தானையால் கண்ணை மறைத்திருந்தாள்.

"ஏங்க, அண்ணன் சொன்னது இதைத்தானா?"

"மெதுவாப் பேசு."

"இப்பவாவது மேடையில சொல்லிடுங்க. சாகறதுக்குள்ள நான் அவர் மூஞ்சியில முழிக்கணும்."

"இத்தனை வருஷ உழைப்பையும் தூக்கி ஆத்துல போடச் சொல்றியா?"

"எந்த ஆத்துல? நீங்க நகத்தினீங்களே, அதுலயா?"

அவள் இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவர் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். தப்பு என்னுடையது என்று ஒரு வரி சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. தூணில் வெட்டியிருந்த தன் பெயரைத் திரும்பிப் பார்த்தார், விழுங்கிவிட்டார்.

"இதோ, இந்த இடத்தில்தான் தளபதி நின்றான். காலை வெயில் எதிரியைக் குருடாக்கியது" என்று படித்தார். கண் கூசி அடுத்த வரி தெரியவில்லை. கையை நெற்றியில் மறைப்பாக வைத்தார். சல்யூட் அடிக்கிறார் என்று நினைத்து அதிகாரிகள் அத்தனை பேரும் எழுந்து பதில் சல்யூட் அடித்தார்கள்.

மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. விழா முடிந்து அவர் போனபோது, வண்டிக்குப் பக்கத்தில் கைபேசியைக் காதில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். கிட்டே வந்தவரைத் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினாள்.

"ஆமாண்ணா, நானே பார்த்துட்டேன்" என்றாள். "அக்கரை மேடுதான்."