நிறைஞ்சுது

எடு, எடு, எடுத்துத் தொலையேன் மேரிசெல்... மறுபடியும் மணிலாவுக்குப் போட்டுவிட்டு அகல்யா ஃபோனைக் காதோடு நசுக்கிக்கொண்டாள், கீழே விசைத்தறிகள் தடதடவென்று மாடியையே உலுக்கின, மணி அடிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை, ஆரணியில் மதியச் சோறு ஆறிக்கிடக்கிற நேரமென்றால் அங்கே ஆபீஸ் மூடுகிற நேரம், மூடுவதற்குள், வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற அந்த இன்னொரு கம்பெனிக்கு மேரிசெல் பதில் சொல்லியாக வேண்டும், 'வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டாளானால்? கைக்குழந்தைக்காரி, புருஷனுக்கும் வேலை கிடையாது, அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு... எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால். முதலாளி மாணிக்கவேல் அதை நேற்று விளக்கு வைக்கிற நேரத்திலா சொல்ல வேண்டும்? பட்டு வியாபாரி, அந்த வேளையில் 'இல்லை' என்ற சொல்லே வாயில் வராது, வீட்டில் அரிசி தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருக்கு'தான், அதே பழக்கத்தில், "அந்த மணிலா பொண்ணுக்கு இந்த மாசத்தோட நிறைஞ்சுதும்மா, சொல்லிடு" என்றார், வேலை முடிந்தது என்று அர்த்தம், இவள் இங்கிலீஷில் தட்டி அனுப்பியதோ, உனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது! பதிலுக்கு மேரிசெல் சிவப்பு இதயங்களாக அனுப்பித் தள்ளினாள்.

வெளிநாட்டில் பட்டுச்சேலை விற்க அங்கங்கே ஆள் பிடித்தவள் அகல்யா, கென்யாக்காரனுக்கு ஒரு பண்டிகை, போலந்துக்காரிக்கு ஒரு சட்டம் என்று கரைத்துக் குடித்தவள், சொந்த ஊர்ப் பேச்சில் சறுக்கினாளாம், யார் நம்புவார்கள்? படியில் செருப்புச் சத்தம், முதலாளியேதான். "இன்னாம்மா, அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா?" "போட்டுக்கினே இருக்கேங்க ஐயா, எடுக்கமாட்டேங்குது." "நேத்தே சொல்லச் சொன்னேனே! பாவம், ஜல்தியா வேற எடம் பாத்துக்கும்ல?" பாவமாம்... வேலையை விட்டுத் தூக்குகிறவருக்கே தோன்றுகிறது, உனக்கு ஏன் தோன்றவில்லை அகல்யா?

கைக்குள் ஃபோன் அதிர்ந்தது. மேரிசெல்! "சாரி மேடம், குழந்தையைத் தூங்க வெச்சிட்டிருந்தேன்... அந்தக் கம்பெனிக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன். உங்களை விட்டுட்டு எங்கே போவேன்?" என்று அவளுடைய இங்கிலீஷில் சிரித்தாள். சொல்லிவிடு, தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று சொல்லிவிடு, இன்னும் நேரமிருக்கலாம்... ஆனால் அது தப்பே இல்லை, தெரிந்தேதான் மாற்றி அனுப்பினாள், முதலாளி வாய் மூடுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது, மற்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுபோய் மிச்சமிருப்பது மேரிசெல் ஒருத்திதான், அவளும் போய்விட்டால், வெளிநாட்டு ஆட்களே இல்லாத கம்பெனியில் அவர்களை மேய்க்க ஒருத்தி எதற்கு?

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"