அண்ணி வீட்டுத் தரை

விரிப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தவள், பாதியில் அதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விரிப்பு கிடந்த இடமெல்லாம் மஞ்சள். ஓரங்களில் டீ ஊறின மாதிரி பழுப்பு. விரிப்பின் அளவு கொஞ்சமும் பிசகாமல், யாரோ கோடு போட்டுச் சாயம் பூசினது போலிருந்தது.

சாயங்காலம் அண்ணி வருகிறாள்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. வீடு அவளுடையது. புருஷன் போன பிறகு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகனிடம் போனவள், வீட்டைத் தம்பி கையில் விட்டுப் போயிருந்தாள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்புதான் இந்த வினைல் தரையைப் போட்டாள். வெளிர் மர நிறம். கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. சாவியைக் கொடுக்கும்போது தம்பி மனைவியிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"தரையை மட்டும் பார்த்துக்கோ."

இவளும் பார்த்துக்கொண்டாள். உள்ளதிலேயே கனமான விரிப்பாக, நடந்தால் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து வாங்கினாள். கூடம், படுக்கையறை, சமையலறை வாசல் என்று ஓர் இடம் விடாமல் மூடினாள். ஓரம் மடங்காமலிருக்க டேப் போட்டு ஒட்டினாள். மகள் தவழ்ந்ததும் நடை பழகியதும் அதன் மேல்தான். துணிக்கடையில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்துவிட்டு, இடுப்பு கழன்றுவிடும் போல வீட்டுக்கு வந்தாலும், விரிப்பின் மேல் கிடக்கும் தூசியைப் பெருக்கி எடுக்காமல் படுக்க மாட்டாள். அடியில் தரை புத்தம் புதுசாக இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு ஒரு தலையணை மாதிரி.

இப்போது அண்ணி நிரந்தரமாகத் திரும்பி வருகிறாள். போனில் சொல்லியிருந்தாள்: "எல்லாரும் சேர்ந்து இருக்கிறதா, நீங்க வேற இடம் பார்க்கிறதா, நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றேன்." அதைக் கேட்டதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விரிப்பைத் துவைத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இன்று லீவு எடுத்தாள்.

உள்ளேயிருந்து கணவன் வந்தான்.

"என்ன, கீழேயிருந்து பூதம் கிளம்பிடுச்சா? இப்படி உட்கார்ந்திருக்கே?"

கீழே பார்த்தான். வாளியைக் கொண்டுவந்தான்.

சோப்புத் தண்ணீர் போட்டார்கள். சமையல் சோடா போட்டார்கள். வினிகர், பற்பசை, கடைசியில் எலுமிச்சம்பழமும். விரல் மூட்டெல்லாம் கன்றிப்போனது, மஞ்சள் அசையவில்லை. கணவன் தரை போட்ட கடைக்குப் போன் செய்தான்.

"அடியில ரப்பரா சார்? அப்போ விட்டுடுங்க," என்றார் கடைக்காரர். "அது அழுக்கு இல்ல. ரப்பர்ல இருக்கிற கெமிக்கல் வினைலுக்குள்ள இறங்கிடும். தேய்ச்சா தரைதான் தேயும். துணி அடி வச்ச கார்பெட் போட்டிருக்கணும். இல்லேன்னா நடுவுல கம்பளித் துணி மாதிரி ஒரு ஃபெல்ட் ஷீட். அப்பப்போ தூக்கிக் காத்தாட விட்டிருக்கணும்."

போனை வைத்துவிட்டுக் கணவன் விரிப்பைப் பார்த்தான்.

"பேசாம திரும்ப விரிச்சிடலாமா?"

"எத்தனை நாளைக்கு?"

"இன்னைக்கு மட்டும். அக்கா ஒரு முடிவு சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பொய்யை விரித்து, அதன் மேல் தினமும் நடந்து, தினமும் பெருக்க வேண்டும். நினைக்கும்போதே கை ஓய்ந்துவிட்டது. அதை நேர்மை என்று சொன்னால் மிகை. களைப்பு, அவ்வளவுதான்.

"என்னால முடியாதுங்க. நானே சொல்லிடறேன்."

அண்ணி வந்தபோது இவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"பெட்டி கையைப் பிடுங்குது, தள்ளு. உள்ள வந்து கேட்டுக்கறேன்."

வந்தாள், பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். பிறகு குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். படுக்கையறைக்குப் போனாள். அங்கேயும் அதே மஞ்சள். திரும்பி வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இது எப்போ ஆச்சு?"

"தெரியல அண்ணி. இன்னைக்குத்தான் தூக்கினேன். அழுக்காயிடக் கூடாதேன்னு மூடி வச்சேன்..."

"அக்கா, அவ நல்லதுக்குத்தான்..."

"நீ சும்மா இருடா. வக்கீல் வேலை பார்க்காதே." அண்ணியின் கண்கள் தரையிலேயே இருந்தன. "ஆசையாப் போட்டேன். அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கவே பிடிக்கல. தரையாவது மாறட்டும்னு போட்டேன்."

"நாங்க வேற இடம் பார்த்துக்கறோம் அண்ணி."

அண்ணி அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"பாப்பா எங்கே தவழ்ந்தா?"

"கார்பெட் மேலதான்."

"நீங்க உட்கார்ந்து சாப்பிட்டது, படுத்தது?"

"எல்லாம் அது மேலதான்."

"ஆக இத்தனை வருஷமா என் தரையில ஒருத்தரும் கால் வைக்கல." அண்ணி முதல்முறையாக இவள் முகத்தைப் பார்த்தாள். கன்றிச் சிவந்திருந்த கைகளையும் பார்த்தாள். "நான் என்ன அவ்வளவு பயங்கரமானவளா?"

இவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். தம்பி ஃபேனைப் பார்த்தான்.

"பதில் சொல்லாத அழகைப் பாரு," என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "வயிறு எரியுது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவேன்."

"புலம்புங்க அண்ணி."

"புலம்பினா கேட்க ஆள் வேணும்ல? வேற இடம் பார்க்கிறாளாம், இடம்." பெட்டியைத் தம்பி பக்கம் தள்ளினாள். "இதைக் கொண்டுபோய் என் ரூம்ல வை. வந்து அந்தக் கார்பெட் சனியனை ஒரு பக்கம் பிடி, குப்பைக்குப் போகட்டும்."

இவளும் பிடிக்க எழுந்தாள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

"நீ எங்கே கிளம்பிட்டே? உட்காரு," என்றாள் அண்ணி.

இவள் மஞ்சள் தரையிலேயே சோபாவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். தரை சில்லென்றிருந்தது. படிக்கட்டில் அக்காவும் தம்பியும் விரிப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். சண்டை முடிவதற்குள் இவள் தூங்கிப்போயிருந்தாள்.